கேட்போர் யார்?

நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளை உணர்த்துதல் வேண்டும் என்பது பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துத் தந்த நெறி. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவ்வெட்டு. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இவற்றை மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் நம்மிற் பலர். பெற்றபின் மறந்தவர்களும் பலர். இவ்வெட்டனுள் ஏழாவதாக நிற்கும் ‘கேட்போர்’ என்னும் சொல்லைப் பற்றியே இங்குச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்க விழைகின்றேன். இந்நூல் யாருக்காக இயற்றப்பட்டது, இதனைக் கேட்கத் தக்கவர் யாவர் என்பதை நூலின் வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முன்னோர் கருதினர். ஒரு படி எடுப்பதே பெரும்பாடாக இருந்த ஏட்டுச்சுவடிக் காலத்தில் எழுந்த அந்த வினா, ஐந்நூறு படிகளை ஒரு கிழமையில் அச்சிட்டு அடுக்கிவிடும் இக்காலத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

கையெழுத்துப் படியை முடித்த எழுத்தாளர் ஒருவர் இன்று கேட்கும் வினாக்கள் வேறு. எங்கே அச்சிடலாம்? எவ்வளவு செலவாகும்? யாரைத் தலைமை தாங்க அழைக்கலாம்? எந்த மண்டபம்? இவ்வினாக்களுக்கு விடை சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கின்றனர். யார் படிப்பார் என்னும் வினா மட்டும் நூல் அச்சாகி வீடு வந்து சேர்ந்த பிறகே எழுகின்றது. பதிப்பு வழியைத் தேர்ந்தெடுப்பது பணத்தைப் பற்றிய தீர்மானம் என்று நம் எழுத்தாளர்கள் எண்ணுகின்றனர். அது கேட்போரைப் பற்றிய தீர்மானம் என்பதே என் துணிபு.

இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளன் தானே பதிப்பாளனாகவும் நேர்ந்தது விருப்பத்தால் அன்று. 1956இல் தோற்றுவிக்கப்பட்ட டேவான் பஹாசா டான் புஸ்தாகா மலாய்மொழி நூல்களை வளர்ப்பதற்கென அமைந்த நிறுவனம். தமிழுக்கு அத்தகைய அரசு நிறுவனம் இங்கு அமையவில்லை. நூலைத் தேர்ந்து, திருத்தி, முதலிட்டு வெளியிடும் வணிகப் பதிப்பகம் நிலைத்து நிற்கும் அளவுக்கு இங்குள்ள சந்தையும் பெரிதன்று. அவ்விடத்தை நெடுங்காலம் நிரப்பியவை நாளிதழ்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் ஞாயிறு பதிப்பை எண்ணிப் பாருங்கள். 1950இல் அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ எழுதத் துணிந்தவர்களுக்குப் பாடம் சொல்லித் தரம் பிரித்துக் காட்டியது. நாளிதழில் வெளிவந்த கதை, ஞாயிறு காலையில் தோட்டத்து லயத்திலும் பட்டணத்து முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருசேரப் படிக்கப்பட்டது. கேட்போரை எழுத்தாளன் தேட வேண்டியதில்லை. நாளிதழே தேடிக் கொடுத்தது. அக்கதைகளை நறுக்கி ஒட்டி வைத்துப் பின்னாளில் நூலாக்கியபோது, அந்நூல் முன்னரே ஒரு சோதனையைக் கடந்திருந்தது. இன்று அச்சோதனையைக் கடக்காமலேயே கையெழுத்துப் படி நேரே அச்சகத்துக்குச் செல்கின்றது. கேட்டை விளைத்தது தன்பதிப்பு அன்று. தன்பதிப்புக்கு முன்னிருந்த படிக்கட்டு ஒன்று உடைந்து போனதே ஆகும்.

இனி, நூல் வெளியீட்டு விழாவுக்கு வருவோம். கோலாலம்பூர் துன் சம்பந்தன் மாளிகையின் சோமா அரங்கமாயினும், சிற்றூர்த் தமிழ்ப்பள்ளி மண்டபமாயினும் நிகழ்ச்சி நிரல் ஏறத்தாழ ஒன்றே. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நூலாய்வு, வெளியீடு, ‘முதல் நூல்’ பெறுதல், பின்னர் உறையைக் கையில் ஏந்தியபடி மேடையை நோக்கி நீளும் வரிசை, நிழற்படம், விருந்து. இவ்விழாவை எள்ளி நகையாடுவோர் இலக்கியவாணருள் உளர். நான் அவ்வாறு செய்யேன். திருமண வீட்டில் மொய் எழுதும் வழக்கத்தை நூலுக்கும் நீட்டி, ஒருவன் தலையில் விழும் சுமையை ஊரார் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு இது. அரசும் வணிகரும் கைகொடாத நிலையில் மலேசியத் தமிழ் நூல்களைப் பெருமளவில் அச்சேற்றியது இந்த வரிசையில் நின்றவர்களின் கொடைதான். அவர்களுள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவோரும் இருந்தனர்; இருந்தும் கொடுத்தனர்.

ஆயினும் கொடை வேறு, வாசிப்பு வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படுபவை. 160 பக்க நூல் ஒன்றை 500 படிகள் அச்சிட 5,000 ரிங்கிட் ஆகின்றது. விலை 25 ரிங்கிட் என்று வைத்துக் கொள்வோம். விழாவுக்கு வந்தோருள் 120 பேர் ஆளுக்கொரு படி வாங்கினால் 3,000 ரிங்கிட். முதல் நூல் பெறுபவர் 1,000 கொடுக்கின்றார். பெருமனத்தர் பதின்மர் ஆளுக்கு 100 வீதம் 1,000 தருகின்றனர். அச்சுச் செலவு ஈடாகிவிட்டது. எழுத்தாளர் மகிழ்ந்து வீடு திரும்புகின்றார். ஆனால் வெளியே சென்ற படிகள் 131. உடன் திரும்பிய படிகள் 369. செலவு ஈடாகிவிட்டமையின் அந்த 369 படிகளை விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நூல் அன்றைக்கே தன் கடமையை முடித்துக் கொண்டது. கட்டிலுக்கு அடியிலும் மாடிப்படிக்கு அடியிலும் அட்டைப்பெட்டிகள் உறங்கும் கதையின் தொடக்கம் இதுவே. கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கழிவு கேட்கின்றார் என்று நொந்து கொள்ளும் எழுத்தாளர், அக்கழிவு தமக்கு அறிமுகமில்லாத ஒரு வாசகனைத் தேடித் தருவதற்கான கூலி என்பதை எண்ணுவதில்லை. விழாவில் வாங்கியவர் அனைவரும் அறிமுகமானவர்கள். அறிமுகமில்லாதவன் ஒருவன் தன் பணத்தைக் கொடுத்து வாங்கும்போதுதான் நூலுக்கு உண்மையான கேட்போன் பிறக்கின்றான்.

இவ்விடத்தில் உ.வே. சாமிநாதையரை நினைவுகூர்தல் பொருந்தும். 1887இல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டினார். அதுவும் பிறரிடம் கை நீட்டியதுதானே என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. அவருக்குக் கையொப்பமிட்டவர்கள் நூல் வருமுன்னரே நூலை எதிர்பார்த்தவர்கள். எந்த நூல், என்ன உரை, ஏன் வேண்டும் என்பதை எடுத்துரைத்த பின்னரே கையொப்பம் கிடைத்தது. நம் விழாவில் நூலின் பெயரையே அழைப்பிதழில்தான் பலர் முதன்முறை பார்க்கின்றனர். பாரதியாரின் நிலையோ இதற்கும் வேறானது. 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, நூலுக்கு 10,000 படிகள் வீதம் அச்சிட அவர் திட்டம் வகுத்து அன்பர்களிடம் பொருள் வேண்டினார். திட்டம் கைகூடவில்லை; அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அக்கணக்கை வெறும் கனவு என்று தள்ளிவிடல் எளிது. ஆனால் அவர் மனக்கண் முன் நின்றது மண்டபம் நிறைந்த கூட்டம் அன்று. நாடு நிறைந்த வாசகர் கூட்டம். அவருடைய கண்ணன் பாட்டை 1917இல் அச்சிட்டு வெளிக்கொணர்ந்தவர் பரலி சு. நெல்லையப்பர். கவிஞன் ஒருவனாகவும் அவன் எழுத்தை நம்பிப் பதிப்பிப்பவன் மற்றொருவனாகவும் இருந்த அந்த அமைப்பின் அருமை, இரண்டு வேலையையும் ஒருவரே செய்து களைத்துப் போகும் நமக்கு நன்கு விளங்கும்.

நம் நூல்களைப் புரட்டினால் முதற் பத்துப் பக்கங்கள் வாழ்த்துரைகளாலேயே நிறைந்திருத்தலைக் காணலாம். அமைச்சர், துணையமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், கூட்டுறவு இயக்குநர், கோயில் தலைவர் ஆகியோர் முழு உருவப் படத்துடன் வாழ்த்துகின்றனர். சிறப்புப்பாயிரம் சொல்லத் தக்கவர் யாவர் என்பதையும் நன்னூல் வரையறுத்துள்ளது. நூலாசிரியருடைய ஆசிரியர், உடன் பயின்றவர், அவருடைய மாணாக்கர், நூலுக்குத் தகுந்த உரைகாரர் என்னும் இந்நால்வருமே பாயிரத்திற்கு உரியவர். நால்வருக்கும் பொதுவான தகுதி ஒன்றுதான்: அவர்கள் நூலைப் படித்தவர்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியருடன் ஒருங்கு பயின்றவர் என்று மரபு கூறும். அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் ஐயந்திரிபறச் சொல்லப்பட்டு அரங்கேறியது என்று அப்பாயிரமே உரைக்கின்றது. அரங்கேற்றம் என்பது தடை எழுப்பவும் விடை கூறவும் இடந்தந்த அவை. நாமோ அரங்கை வைத்துக் கொண்டோம், தடையை நீக்கிவிட்டோம். வாழ்த்துரை வேண்டி என்னிடம் வரும் இளைய ஆசிரியர்களிடம், நூலாய்வு செய்பவருக்கு விழாவுக்கு எத்தனை நாள் முன்னர் நூலைக் கொடுத்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். முந்திய நாள் மாலை என்னும் விடையைப் பலமுறை கேட்டிருக்கின்றேன்.

தமிழகத்தில் அச்சிடுதல் மற்றொரு வழி. அங்குக் கூலி குறைவு, தாள் வகைகள் பல, தமிழ் அச்சுக்கென்றே பழகிய கைகள் உண்டு. சென்னைப் பதிப்பகம் ஒன்றன் பெயர் அட்டையில் இருப்பதைப் பெருமையாகக் கருதும் மனப்பான்மையும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இங்கு எழுத்தாளர் தெளிவு பெற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுத்தாளரிடம் பணம் பெற்று அச்சிட்டுத் தருபவர் ஒருவகை; தம் பணத்தை இட்டுப் பதிப்பித்து, விற்றதில் உரிமத்தொகை தருபவர் வேறுவகை. முன்னவருக்கு நூல் விற்றாக வேண்டிய தேவை இல்லை. எழுத்தாளரே அவருக்கு வாடிக்கையாளர். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டு, சென்னையில் நூல் வெளிவந்தமையால் தமிழகமெங்கும் விற்பனையாகும் என்று நம்புகின்றனர். அச்சிட்ட படிகள் அத்தனையும் பெட்டிகளில் கட்டப்பட்டுக் கப்பலேறிக் கிள்ளான் துறைமுகம் வந்து சேரும்போதுதான் உண்மை விளங்குகின்றது. எத்தனை படிகள் அங்குக் கடைகளுக்குச் செல்லும், மறுபதிப்பு உரிமை யாரிடம் இருக்கும், மின்னூல் உரிமையும் அதனுள் அடங்குமா என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறாமல் கையொப்பமிடுதல் ஆகாது.

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றை இவ்வழியில் நான் கண்டிருக்கின்றேன். அது மொழியைப் பற்றியது. தோட்டத்துக் கதை ஒன்றில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்கின்றனர். மங்கில் பால் சொட்டுகின்றது. ஆயாக்கொட்டகையில் குழந்தை அழுகின்றது. தாய் பசியாற வீட்டுக்கு வருகின்றாள். சடக்கில் லாரி செல்கின்றது. இச்சொற்களை அறியாத மெய்ப்புத் திருத்துநர் கையில் பசியாறுதல் சிற்றுண்டி அருந்துதலாகின்றது, சடக்கு சாலையாகின்றது, மங்கு பாத்திரமாகின்றது. அவர் பிழையாக ஏதும் செய்துவிடவில்லை. அவருடைய கேட்போர் வேறு. ஆனால் மூன்று தலைமுறை இம்மண்ணில் வாழ்ந்து உருவாக்கிய சொற்கள், அவை நிலைபெற வேண்டிய நூலிலிருந்தே நீங்கிவிடுகின்றன. அடிக்குறிப்பு ஒன்று இட்டு அச்சொற்களைக் காப்பாற்றியிருக்கலாம். அதைச் சொல்லத் தெரிந்த பதிப்பாசிரியர் அங்கில்லை; இங்கும் அரியர்.

பதிப்பாசிரியர் என்னும் அப்பணியை நாம் இன்னும் சரியாக மதிக்கவில்லை. எழுத்துப்பிழை திருத்துபவர் என்றே அவரைக் கருதுகின்றோம். தமிழாசிரியர்களாகிய நம்மிடம் கையெழுத்துப் படி வரும்போது நாமும் சந்திப்பிழையைத் திருத்தி, லகர ளகர வேறுபாட்டைச் சிவப்பு மையால் சுட்டித் திருப்பி அனுப்புகின்றோம். ஒற்று மிகாத கதை மோசமான கதையாகிவிடாது. ஒற்று மிகுந்தமையால் நல்ல கதையும் ஆகிவிடாது. இந்த மூன்றாம் அத்தியாயம் வேண்டாம், இப்பாத்திரம் பேசுவது அவன் வயதுக்கு ஒவ்வாது, பன்னிரண்டு கதைகளில் ஐந்தை நீக்குக என்று சொல்லும் துணிவுடையவரே பதிப்பாசிரியர். 2007இல் அச்சிதழாகத் தொடங்கிப் பின்னர் இணைய இதழான வல்லினம் போன்ற குழுவினர் நூல்களையும் வெளியிட்டு வருகின்றனர். அவர்களுடைய இலக்கியக் கொள்கை அனைத்தும் எனக்கு உடன்பாடானது அன்று. எனினும் எழுத்தாளனைப் பிறர் கண்ணால் ஒருமுறை பார்க்கச் செய்யும் குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தனித்து நின்று நூல் வெளியிடுபவர் இப்பணிக்கெனத் தனியே தொகை ஒதுக்கியாக வேண்டும். அட்டைப்படத்துக்கும் விருந்துக்கும் ஒதுக்குபவர் இதற்கு ஒதுக்கத் தயங்குவது எனக்குப் புரிவதில்லை.

சிங்கப்பூரின் நிலை சற்று வேறு. அங்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்தைப் பெற வாய்ப்புண்டு. 1965 முதல் 2015 வரையிலான அந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவாக்கித் தேசிய நூலகத்தின் வழி யாவரும் படிக்கச் செய்த பணியும் நிறைவேறியுள்ளது. தம் பணத்தில் சில நூறு படிகள் அச்சிட்டு மறக்கப்பட்ட எழுத்தாளர்கள் பலர் அதனால் மீண்டும் கேட்போரைப் பெற்றனர். நம்மிடம் அத்தகைய முயற்சி முழுமை பெறவில்லை.

மின்னணு அச்சு முறை வந்த பின்னர்க் கணக்கே மாறிவிட்டது என்பதைப் பலர் உணரவில்லை. பழைய ஆப்செட் முறையில் தகடு எடுக்கும் செலவு முன்கூட்டியே விழுந்துவிடும். ஆதலின் படிகள் கூடக் கூடத்தான் ஒரு படியின் அடக்கவிலை குறையும். ஐந்நூறு, ஆயிரம் என்று அச்சிட்ட பழக்கம் அதனால் வந்தது. மின்னணு முறையில் தகடு இல்லை. ஐம்பது படிகளும் அச்சிடலாம். முன்சொன்ன நூலுக்குப் படி ஒன்றுக்கு 10 ரிங்கிட்டுக்குப் பதிலாக 14 ரிங்கிட் ஆகுமென்றே கொள்வோம். 150 படிகளுக்கு 2,100 ரிங்கிட். விழாவில் 131 படிகள் சென்றுவிட்டால் கட்டிலுக்கு அடியில் 19 படிகள்தான். எவரேனும் உண்மையாகவே நூலைத் தேடினால் மேலும் ஐம்பது அச்சிட்டுக் கொள்ளலாம். அடக்கவிலை குறைவு என்று 500 அச்சிடுபவர் உண்மையில் 2,900 ரிங்கிட்டைக் கூடுதலாகச் செலவிட்டு அட்டைப்பெட்டிகளை வாங்குகின்றார்.

மின்னூலைப் பற்றி மிகுதியாகப் பேசப்படுகின்றது. 2016 இறுதி முதல் அமேசானின் கிண்டில் தமிழ் மின்னூல்களை ஏற்று வருகின்றது. நிபந்தனைகளைப் பொறுத்து விலையில் 35 அல்லது 70 விழுக்காடு எழுத்தாளருக்குக் கிடைக்கும். தொலைதூர வாசகரைச் சென்றடைய இது நல்ல வழி. ஆனால் விற்பனை மேடையில் நூலை ஏற்றிவிட்டு வாளாவிருத்தல், நூலை அலமாரியில் அடுக்கிவிட்டு வாளாவிருத்தற்கு ஒப்பானதே. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருப்போர் முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் ஒற்றும் கொம்பும் இடம்மாறிப் பொருளே குலைந்துவிடும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் தவிர்க்கலாகாத கடமைகள் சில உள. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலில் இடம்பெறல் வேண்டும். அனைத்துலகத் தர நூல் எண்ணைத் தேசிய நூலகம் கட்டணமின்றி வழங்குகின்றது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலின் ஐந்து படிகளை அந்நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். விழா அழைப்பிதழை ஆயிரக்கணக்கில் அனுப்பிவிட்டு இந்த ஐந்து படிகளை அனுப்ப மறந்த நூல்களைப் பின்னாளில் ஆய்வு மாணவர் எங்கே போய்த் தேடுவார்?

நூலின் வகைக்கேற்ப வழியும் மாறுதல் வேண்டும். சிறுவர் கதைநூலின் கேட்போர் தமிழ்ப்பள்ளி மாணவர்கள். அவர்களோ வெளியீட்டு விழாவின் உரைகளைக் கேட்டுக் கொட்டாவி விடுபவர்கள். இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கெல்லாம் நூலை அன்பளிப்பாக அனுப்பி வைப்போர் உண்டு. ஆசிரியரின் கையொப்பத்துடன் வந்து அலமாரியில் அமரும் அந்நூல்களைவிட, எழுத்தாளர் ஒருநாள் வந்து நாலாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டிச் சென்ற நூலையே பிள்ளைகள் இரவல் கேட்கின்றனர் என்பதை எங்கள் பள்ளி நூலகத்தின் இரவல் பதிவேட்டில் கண்டிருக்கின்றேன். கையெழுத்துப் படியாக இருக்கும்போதே வந்து படித்துக் காட்டினால் இன்னும் நன்று. எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் சன்னலை நோக்குகின்றனர் என்பதைப் பார்த்துக் கொள்ளலாம்.

தோட்ட வரலாறு எழுதுவோரின் நிலை இதற்கு நேர்மாறானது. துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்துபோன ஒரு தோட்டத்தின் லயங்களையும் கோயிலையும் பள்ளியையும், அங்கு வாழ்ந்தோரின் பெயர்களையும் ஓய்வுபெற்ற ஒருவர் எழுதி வைக்கின்றார். அதன் கேட்போர் அத்தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கும் சிரம்பானுக்கும் ஜொகூருக்கும் பிரிந்து போன அறுபது, எழுபது குடும்பத்தினர். அவருக்குச் சென்னைப் பதிப்பகமும் தேவையில்லை. அமைச்சரின் வாழ்த்துரையும் தேவையில்லை. கையெழுத்துப் படியை அக்குடும்பத்து முதியோர் நால்வரிடம் முதலில் கொடுத்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்த்து, மின்னணு முறையில் எண்பது படிகள் அச்சிட்டு, ஐந்தைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பி, மீதியைப் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உரியவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். எஞ்சும் படி ஒன்றிரண்டு இருப்பின், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இடமுண்டு.